செவ்வாய்க்கே ஏழரை

ஏண்டா பேராண்டி, பொண்ணுக்கு ஏழாமிடத்துல செவ்வாயாம், அதனால நீ யோசிக்கிறியாம். நல்லா யோசி. அவளுக்கு வேற மாப்பிள்ளை அமையுற வரைக்கும் யோசி.

அதுக்கு நடுவுல அந்தப் போனை இப்படிக் கொடு. நேத்து காட்டினியே, மங்கள்யான் எடுத்த செவ்வாய்ப் படம்? இதுவாடா உன்னை மிரட்டுற ஆளு? நம்ம லயத்துக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்ச மேடு மாதிரியில்ல கெடக்கு! மலை பெருசுதான், ஒத்துக்கறேன். அந்த ஒலிம்பஸ் மலை 22 கிலோமீட்டர் உசரமாமே. நம்ம பிரிஞ்சாங் மலை பத்தை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினாலும் உச்சிக்கு எட்டாது. இருந்து என்ன, கிள்ள ஒரு கொழுந்து கிடையாது.

மங்கள்யானை ஏத்தி விட்டவங்களைப் பாரு. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், திருநெல்வேலிச் சீமைக்காரர். செவ்வாயோ வெறுவாயோன்னு நாம ஒதுக்குற கிழமையிலதான், 2013 நவம்பர் 5-ந்தேதி, ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து செவ்வாய்க்கே விட்டாங்க. மத்தியானம் 2.38-க்கு. ராகு காலம் மூணு மணிக்குத்தான் ஆரம்பம். தற்செயலாத்தான் இருக்கும், நானும் துருவிக் கேக்கல.

2014 செப்டம்பர் 24-ல போய்ச் சேந்துச்சு. சுத்துற பாதை கோழிமுட்டையை இழுத்து விட்ட மாதிரி. கிட்ட வந்தா 421 கிலோமீட்டர், விலகினா 77,000 கிலோமீட்டர் பக்கம். ஒரு சுத்துக்கு மூணு நாளு. தள்ளி நிக்கறப்ப முழு உருண்டையும் ஒரே படத்துல விழும். நெருங்கினா மேடு பள்ளம் தெரியும். ஆனா அப்பவும் ஒரு புள்ளிக்கு இருபது மீட்டர் நிலம். நம்ம லயம் அங்க இருந்தா ரெண்டு மூணு புள்ளிதான். உன் ஜோசியரு இருக்காரே, மூடுபனி ராத்திரியில, கதவைச் சாத்திக்கிட்டு, அந்தப் பொண்ணு மாமியாரோட எப்பச் சண்டை போடுவாங்கற வரைக்கும் பாத்துட்டாரு. அவரை இஸ்ரோவுக்கு அனுப்புடா, கேமரா செலவு மிச்சம்.

இன்னொண்ணு. ஆறு மாசம் தாங்கினாப் போதும்னு அனுப்பின சாமான் அது. 2022 ஏப்ரல் வரைக்கும் இருந்துச்சு. கணக்குப் போடு, ஏழரை வருஷம்! சனிக்குத்தான் ஏழரைன்னு நெனச்சேன், இது செவ்வாய்க்கே ஏழரையாப் போய் உக்காந்திருக்கு. கடைசியில நீளமா ஒரு கிரகணம் வந்து தொடர்பு அறுந்துச்சு. கிரகணம்னதும் முழிக்காதே, நெழல் விழுந்துச்சு, அவ்வளவுதான்.

உங்க பாட்டிக்கு ஜாதகமே கிடையாது. கொழுந்து பறிக்கையில எனக்கு அடுத்த நிரை. கூடையைச் சாய்க்கறப்ப அவ கட்டைவிரல் நகத்தோரம் கறுப்பாக் கறை படிஞ்சிருக்கும், தேச்சாலும் போகாது. நான் பாத்த ஒரே கட்டம் அதுதான். அப்புறம் நாப்பது வருஷம் சண்டை போட்டோம், ஒரு கிரகத்தையும் சாட்சிக்குக் கூப்பிடல.

இந்தா, போனை வாங்கிக்க. பொண்ணு வீட்டு நம்பர் இதுல இருக்கில்ல? இன்னிக்கு என்ன கிழமை, செவ்வாயா? மணி ரெண்டரை ஆச்சு. மூணுக்குள்ள கூப்பிடு.