விஸ்கி: முதலாம் தவணை

லண்டனில் ஒரு மதுக்கடையில் சில காலம் நின்றவன் என்ற ஒரே தகுதியில் மன்னார்த் தீவில் நான் விஸ்கி நிபுணன். அந்தக் கடையில் நான் பார்த்த வேலை, போத்தலைத் திருப்பிப் பார்கோட்டைக் காட்டுவது. ‘பீப்’ என்றதும் பையில் போடுவது. இதை ஊரில் சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள். பேசாலையிலிருந்து தாழ்வுபாடு வரை எந்த வீட்டுக்கு வெளிநாட்டுப் போத்தல் வந்தாலும் எனக்கு ஆள் வரும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: முதல்முதல் குடிக்கிறவனுக்கு எது நல்லது? கேட்கிறவர் தனக்காகக் கேட்பதே இல்லை. எப்போதும் ஒரு கூட்டாளிக்காக.

தனக்காகவே கேட்டவர் எங்கள் அதிபர் சேர். விஞ்ஞானம் படிப்பித்து, அதிபராகி, ஓய்வுபெற்றவர். பூசையில் முதல் வாங்கு அவருடையது. கள்ளுத் தவறணை இருக்கிற ஒழுங்கையைத் தவிர்க்க அரைக் கட்டை சுற்றிப் போகிறவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் கொப்பியும் பேனையுமாக வந்து என் விறாந்தையில் உட்கார்ந்தார். ரொறன்ரோவில் மகனின் கலியாணத்தில் சம்பந்தி ஒரு கிளாசை ஏந்திக்கொண்டு, இதில் புகை இருக்கு, தேன் இருக்கு, கடல் இருக்கு என்று விளக்கம் கொடுத்தாராம்.

“நான் பன்டாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் தம்பி. அதில என்னத்தைச் சொல்லுறது? செம்மஞ்சள் எண்டு நிறத்தைத்தான் சொல்லலாம்.”

ஊர் திரும்பியதும் தானே போய் ஒன்று வாங்கிப் பார்க்கத் துணிந்திருக்கிறார். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாதென்ற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை மதித்து அடையாள அட்டையும் கையோடு. டவுனுக்குப் போனால் கடை பூட்டு. அன்றைக்குப் போயா. பௌர்ணமிக்கு மதுக்கடை திறக்காதென்பது இந்த நாட்டில் குடிக்கிறவன் எல்லாருக்கும் தெரிந்த வானியல். சந்திரனின் கலைகளைக் காலமெல்லாம் கரும்பலகையில் வரைந்தவருக்கு அது தெரியவில்லை.

பிறகு மகன் விடுமுறையில் வந்தபோது இரண்டு போத்தல் கொண்டுவந்தான். அப்பாவுக்குக் கிளென்லிவெட், 12 வயது. எனக்கு லஃப்ராய்க், 10 வயது. “அண்ணை, அதை அப்பாவுக்குக் காட்டிப்போடாதேங்கோ. அது முத்தின ஆக்களுக்கு” என்றான். உலகம் முழுக்க இதுதான் பாலபாடம். ஸ்பேசைட் பக்கத்து மெல்லிய, பழவாசனை விஸ்கியில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் மூன்று தரம் வடித்த ஐரிஷ் ஜேம்சன். ஐலாத் தீவின் புகை நாறுகிற சாமான்களைக் கடைசி வகுப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்தி பரவி ஆலோசகர்கள் திரண்டார்கள். சோடா விடு என்றார் ஒருவர். கோக் என்றார் இன்னொருவர். கணவாய் டெவல் இல்லாமல் மூடியைத் தொடாதே என்றார் மூன்றாமவர். அவருக்குக் கணவாய்தான் நோக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். பனை சீவுகிற மாமா மட்டும் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னிரண்டு வருசமா வச்சிருந்தவங்கள்? ஏன், அந்த வீட்டில குடிக்க ஆக்கள் இல்லையோ?”

அவர் தொழிலில் வயதை மணிக்கணக்கில்தான் எண்ணுவது. விடியக் காலம இறக்கினால் இனிப்பு, மத்தியானம் புளிப்பு, அடுத்த நாள் அது கள்ளுமில்லை, வினாகிரி. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் கருப்பநீராய் நிற்கும். ஸ்கொட்ச் என்றால் ஓக் பீப்பாவில் குறைந்தது 3 வருசம் கிடக்க வேண்டும், போத்தலில் போடுகிற எண் உள்ளே இருப்பதில் ஆக இளையதின் வயது என்று நான் விளக்கினேன். “ஆகக் குறைஞ்ச வயசைத்தான் இவங்களும் போடுறாங்கள்” என்றார் மாமா. “எங்கட கலியாணத் தரகர் மாதிரி.”

கிடக்கிற காலத்தில் ஸ்கொட்லாந்தில் வருசத்துக்கு ஏறக்குறைய 2 வீதம் ஆவியாகிப் போகும், அதைத் தேவதூதர் பங்கு என்பார்கள் என்றதும் அதிபர் சேரின் முகம் தெளிந்தது. “சம்மனசுகளே குடிக்குதோ!” பங்குத்தந்தை கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைத்த தெளிவு அது. பெங்களூரில் அம்ருத் காய்ச்சுகிற இடத்தில் வெக்கைக்கு அந்தப் பங்கு பல மடங்கு என்றேன். எங்கள் பக்கத்துச் சம்மனசுகளுக்குத் தாகம் கூடத்தான் என்று கொப்பியில் குறித்துக்கொண்டார்.

கிளாஸ் விசயத்தில் பிரச்சினை வந்தது. துலிப் பூ வடிவக் கிளாசில் குடிக்க வேண்டுமென்று மகன் சொல்லியிருந்தான். அதிபர் சேர் ரியூசன் வகுப்புக்கு வைத்திருந்த 50 மில்லிலீற்றர் பீக்கரைக் கொண்டுவந்தார். தண்ணீருக்குத் துளிசொட்டி. பீக்கரின் கோட்டைக் கண்மட்டத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, 10 மில்லிலீற்றர் சரியாக அளந்தார். இந்த மனிதருக்கு வெறி வர மூன்று தவணை செல்லும் என்று மாமா எழும்பிப் போய்விட்டார்.

முதலில் கிளென்லிவெட். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். வகுப்பில் பதில் தெரியாமல் எழும்பி நிற்கிற பெடியனின் முகம். பேரிக்காய், ஹெதர் பூ என்றெல்லாம் சுவைக்குறிப்புகளில் எழுதுவார்கள் என்றேன். பேரிக்காயை அவர் தகரத்தில் அடைத்துத்தான் கண்டிருக்கிறார். ஹெதர் பூவை எதிலும் கண்டதில்லை. “நல்ல சாமான்தான்” என்றார். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத்தைப் பற்றிச் சொல்கிற தொனி.

மற்றப் போத்தலையும் திறக்கச் சொன்னார். மகனின் கட்டளையை ஞாபகப்படுத்தினேன். “ஒப்பீடு இல்லாமல் பரிசோதனையோ தம்பி?” இதற்கு என்னிடம் பதில் இல்லை.

லஃப்ராய்க்கின் தக்கையை இழுத்ததும் சோளகக் காற்றில் வாசம் விறாந்தை முழுக்கப் பரவியது. சேர் கண்ணை மூடினார். “அயடீன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கரையில ஒதுங்கின பாசி. எரிஞ்ச ஊமல்.” இன்னொரு தரம் முகர்ந்தார். “இது எங்கட வாடியடியெல்லோ!”

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. குடியில் அல்ல, கேள்வியில். பார்லியை முளைக்க வைத்து, சதுப்புநிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டியை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துவார்கள் என்றேன். விதையை முளைக்க விட்டு வளர்ச்சியை இடையில் மறித்துக் காயவைக்கிற வேலை பனங்கிழங்கும் ஒடியலும் செய்கிற ஊருக்குப் புதிதா? அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீர் ஏன் விடுகிறார்கள் என்று கேட்டார். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் சேரச் சேரக் குவாயகோல் என்ற புகைவாசனை மூலக்கூறு மேற்பரப்புக்கு வருகிறது என்றேன். துளிசொட்டியால் மூன்று சொட்டு விட்டு, முகர்ந்து, கொப்பியில் ‘சரி’ போட்டார்.

பாலபாடம் எழுதினவர்கள் அப்பிள் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்கள் என்பது என் கட்சி. கருவாடு காய்கிற காற்றை மூச்சாய் இழுத்து வளர்ந்த மூக்குக்கு வேறு பாடத்திட்டம் வேண்டும். மற்றவன் கடைசி வகுப்பில் தொடுகிறதை எங்கள் ஆட்கள் பாலர் வகுப்பிலேயே முடித்துவிட்டார்கள். ஐலாவும் மீனும் காற்றும் உப்புமாய் இருக்கிற தீவுதானே. ஆகவே, மன்னாரில் முதல்முதல் குடிக்கிற கூட்டாளிக்கு நான் இப்போதெல்லாம் புகையைத்தான் சொல்கிறேன். அளவுக்குப் பீக்கர்.

போகிற போக்கில் இன்னொரு செய்தியையும் சொல்லித் தொலைத்தேன். லஃப்ராய்க் போத்தல் வாங்குகிறவர் பதிந்துகொண்டால், ஐலாவில் ஒரு சதுர அடி நிலத்தை ஆயுட்காலக் குத்தகையாக அவர் பேருக்குத் தருவார்கள். 1994இலிருந்து நடக்கிறது. வருச வாடகையாக அவர்கள் நமக்கு ஒரு வாய் விஸ்கி தர வேண்டும். நேரே போய்த்தான் வாங்கவேண்டும்.

அதிபர் சேர் பேனையை எடுத்தார். உறுதி எழுதித் தருவார்களா? நில அளவைப் படம் உண்டா? கிணறு வெட்ட விடுவார்களா? நான் ஒவ்வொன்றுக்கும் கையை விரித்தேன். பக்கத்து வளவுக்காரர் அரை அடி தள்ளி மட்டை வேலி போட்ட வழக்கு இன்னும் கச்சேரிக்கும் கோட்டுக்குமாய் இழுபடுகிற மனிதர் அவர்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி” என்றார், குரலைத் தாழ்த்தி. “எனக்குப் பக்கத்து ஒரு அடியை ஆர் எடுத்திருக்கினம் எண்டு முதல்ல விசாரியுங்கோ.”