வீடியோ கேம்களில் வழுவின்மை: நன்னூல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

குற்றமே இல்லாத வீடியோ கேம் ஒன்று இருத்தல் கூடுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வினா கல்லூரி விடுதிகளில் நள்ளிரவுக்குப் பின் பலமுறை எழுப்பப்பட்டதுண்டு. விவாதித்தோர் விடிந்தால் தேர்வு எழுத வேண்டியிருந்தமையால் முடிவு எட்டப்படவில்லை. தேர்வு முடிவுகளும் அவ்வாறே. இக்குறையை நீக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

ஆய்வுநெறி

குற்றம் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், குற்றங்கள் எவை என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அத்தகைய பட்டியல் நம்மிடம் நெடுங்காலமாகவே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்துத் தந்திருக்கிறார். அவர் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதில்லையே என்று கேட்கலாம். பின்னால் தோன்றப் போவனவற்றுக்கும் சேர்த்தே ஆசிரியர் விதி செய்தார் என்று சாதிப்பது உரையாசிரியர்களுக்குக் கைவந்த கலையாதலின், அத்தடை நில்லாது.

முதன்மைச் சான்றுகள் மூன்று விளையாட்டுகள். துணைமைச் சான்றுகள், விளையாடுவோரின் தாய்மார் கதவுக்கு வெளியே நின்று கூறிய கருத்துகள். பின்னவை அச்சேறத் தக்கன அல்ல.

இயல் 1: நாற்பதுக்கு நாற்பது

ஜப்பானில் 1986 முதல் வெளிவரும் ஃபாமிட்சு இதழில் நான்கு பேர் ஆளுக்குப் பத்து மதிப்பெண் வீதம் விளையாட்டுகளை மதிப்பிடுவர். நாற்பதுக்கு நாற்பது முதன்முதலாக 1998இல் வழங்கப்பட்டது. பெற்றது நின்டெண்டோவின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகரினா ஆஃப் டைம்'. எனவே வழுவின்மைக்கு முதல் உரிமை கோருவது இதுவே.

இனி நன்னூலைத் திறப்போம். இதில் ஓர் ஆந்தை வருகிறது. நீண்ட உபதேசம் செய்கிறது. முடிந்ததும், மறுபடியும் கேட்க வேண்டுமா என்று வினவுகிறது. அவசரத்தில் பொத்தானைத் தட்டியவர்களுக்கு உபதேசம் முதலிலிருந்து தொடங்குகிறது. இது கூறியது கூறல். நீர்க்கோயில் என்றொரு கட்டம். நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் வழி காண வேண்டும். எந்த மட்டத்தில் எந்தக் கதவு என்று தெரியாமல் உலகெங்கும் சிறார் திகைத்து நின்றனர். இது மயங்க வைத்தல். இளவரசிக்கு ஆபத்து, நாட்டுக்கு ஆபத்து, காப்பாற்ற வேண்டிய வீரனோ ஏரிக்கரையில் தூண்டில் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கலாம். எவ்வளவு நேரமானாலும் வில்லன் காத்திருப்பான். இது மற்றொன்று விரித்தல்.

இன்னொன்று. அந்த நீர்க்கோயிலில் மூழ்குவதற்கு இரும்புக் காலணி போட வேண்டும், மிதப்பதற்குக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திப் பட்டியலுக்குள் போய்த்தான் இதைச் செய்ய முடியும். 2011இல் வந்த 3டிஎஸ் பதிப்பில் இந்தத் தொல்லையை நீக்கினார்கள். அதாவது, நாற்பதுக்கு நாற்பது வாங்கிய விடைத்தாளைப் பதின்மூன்று ஆண்டு கழித்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

2005இல் நாய்க்குட்டி வளர்க்கும் 'நின்டெண்டாக்ஸ்' விளையாட்டும் அதே இதழில் அதே நாற்பதைப் பெற்றது. நாய்க்குட்டியிடம் குற்றம் காண எந்த நடுவருக்கும் மனம் வராது என்பதால் இச்சான்று கணக்கில் கொள்ளப்படவில்லை.

இயல் 2: சென்று தேய்ந்து இறுதல்

மதிப்பெண் தருவோர் மனிதர்கள், அவர்களுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. எண்ணுக்கு அது இல்லை. ஆகவே 'பேக்-மேன்' எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1980இல் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி உருவாக்கியது. இதில் வழுவற்ற ஆட்டம் இன்னது என்று ஒரே எண்ணால் சொல்லிவிடலாம்: 33,33,360. எல்லாப் புள்ளிகளையும், எல்லாப் பழங்களையும், நீலமாக மாறும் நான்கு பேய்களையும் ஒவ்வொரு முறையும் தின்று, 255 கட்டங்களை ஓர் உயிரும் இழக்காமல் முடித்தவர் அந்த எண்ணை எட்டலாம்.

பிறகு வருவது 256ஆம் கட்டம். கட்ட எண்ணை வைக்க நிரலில் ஒதுக்கப்பட்டது எட்டு பிட். அதில் 255க்கு மேல் எண்ண முடியாது. கணக்கு புரண்டு, பழங்களை வரையும் பகுதி நிலைதடுமாறி, திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடுகிறது. கட்டத்தை முடிக்கத் தேவையான புள்ளிகள் திரையில் இல்லை. சென்று தேய்ந்து இறுதல் என்ற குற்றத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எந்த உரையிலும் இல்லை.

ஆராய்ச்சியாளரைத் திகைக்க வைப்பது இனிமேல்தான். சிதைந்த அப்பாதிக்குள் ஒன்பது புள்ளிகள் ஒளிந்திருக்கின்றன. ஓர் உயிர் போனால் அந்த ஒன்பதும் மீண்டும் முளைக்கும். ஆகவே 33,33,360ஐ எட்ட வேண்டியவர், 255 கட்டங்கள் பொத்திப் பொத்திக் காத்த உயிர்களை இங்கே ஒவ்வொன்றாக வேண்டுமென்றே விட வேண்டும். வழுவற்ற ஆட்டத்தின் இலக்கணத்தில் வழுவும் ஓர் உறுப்பாகிவிடுகிறது. நிரல் சரியாக இருந்திருந்தால் ஆட்டம் முடிவின்றிப் போயிருக்கும், உச்ச எண்ணும் இருந்திராது.

இயல் 3: நிறைந்தது மறையும்

மூன்றாவது சான்று 'டெட்ரிஸ்'. 1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. அவருக்குக் கிடைத்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதி இல்லை. அடைப்புக்குறிகளையே கட்டைகளாக அடுக்கினார். ஏழு கட்டைகள், ஒரே விதி. ஆந்தை இல்லை, உபதேசம் இல்லை. மிகைபடக் கூறல் எங்கும் இல்லை.

ஆயினும் விதியைக் கூர்ந்து நோக்குக. ஒரு வரிசை இடைவெளியின்றி நிறைந்தால் மறைந்துவிடும். நிறையாதது மட்டும் திரையில் தங்கும். எனவே எந்த நேரத்தில் டெட்ரிஸ் திரையைப் பார்த்தாலும் கண்ணில் படுவது முழுக்க முழுக்கக் குறைகளே. இத்தகைய இடத்தில் நிறைவைத் தேடும் ஆய்வாளரின் நிலை இரங்கத்தக்கது.

வெல்லவாவது முடியுமா? எஸ், இசட் வடிவக் கட்டைகள் மட்டும் மாறிமாறி வந்தால் 70,000 கட்டைகள் விழுவதற்குள் ஆட்டம் முடிந்தே தீரும் என்று 1997இல் ஹைடி பர்கியல் கணித முறையில் நிறுவினார். கட்டைகள் உண்மையிலேயே தற்செயலாக விழுமானால், என்றாவது ஒருநாள் அந்த வரிசை வந்தே ஆக வேண்டும். தோல்வி உறுதி. நாள்தான் தெரியாது.

இருந்தும் 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் 1989ஆம் ஆண்டு நின்டெண்டோ பதிப்பை 157ஆம் நிலைவரை ஆடினான். நிரல் தாங்காமல் திரை உறைந்து நின்றது. டெட்ரிஸை வென்ற முதல் மனிதன் என்று உலகம் கொண்டாடியது. ஆக, இவ்விளையாட்டில் வெற்றி என்பது விளையாட்டே பழுதாகி நிற்பதுதான்.

தடையும் விடையும்

குற்றங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனால் வழுவற்றது கிட்டாதோ என்பாரும் உளர். கிட்டாது என்க. 1978இல் தோமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், வேற்றுக்கிரகவாசிகள் குறையக் குறைய வேகம் கூடும். வன்பொருளுக்கு அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் விரைவாக வரைய வலு இல்லை. ஆட்கள் செத்துக் குறைந்ததும் அதற்கு மூச்சு வந்தது. அந்தப் பலவீனத்தைத் திருத்தியிருந்தால், கடைசி ஒருவன் திரையில் பறக்கும்போது நெஞ்சு படபடத்திருக்காது.

முடிவுரை

பத்துக் குற்றங்களில் ஐந்தாறைக் கவனத்தால் தவிர்க்கலாம். ஒன்றிரண்டு பொறியின் கொள்ளளவால் வருவன, அவற்றை ஆடுவோரே அழகாக்கிக்கொள்வர். எஞ்சுவது பத்தாவது குற்றமாகிய நின்று பயன் இன்மை. இது இதுவரை வெளிவந்த எல்லா வீடியோ கேம்களிலும் விதிவிலக்கின்றிக் காணப்படுகிறது. துணைமைச் சான்றுகளும் இந்த ஒரு குற்றத்தையே ஒருமனதாக வலியுறுத்துகின்றன. எனவே வழுவற்ற வீடியோ கேம் இல்லை, இருக்கவும் இயலாது என்பது இவ்வாய்வின் துணிபு. அந்தப் பத்தாவதையும் எவரேனும் நீக்கிவிட்டால் மிஞ்சுவதற்கு வேறு பெயர் உண்டு: வீட்டுப்பாடம்.