ஊசிமுனைப் பதில்கள்

கே: 'போர்கை' என்று பெயர் போட்ட துணிப்பை ஒன்று வாங்கினேன். போரா, கையா? (வாசகி, சேலம்)

ப: இரண்டும் இல்லை. லம்பாடி மொழியில் 'பெருமை'. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் நடத்தும் எம்பிராய்டரிக் குழுவின் பெயர் அது. கையால் செய்கிற போர் என்று நீங்கள் வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை.

கே: பாட்டி காலத்துக் கைவேலை தானாகவே பேத்திக்கு வராதா? அதற்கு ஒரு குழு வேறா? (வாசகர், ஆத்தூர்)

ப: மூக்கு வரும், முன்கோபம் வரும், தையல் வராது. சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் சேலைக்கு மாறி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. கண்ணாடியும் சோழியும் தைத்த பாவாடை, ரவிக்கை போனபோது தையலும் கூடவே போய்விட்டது. பழங்குடி மக்களுக்காக 1993-ல் அங்கே கணவர் ரெஜியுடன் மருத்துவப் பணியைத் தொடங்கிய டாக்டர் லலிதா, 2006 வாக்கில் இந்தக் கலையைத் தேடியபோது, அது கையில் தங்கியிருந்தவர்கள் இரண்டே இரண்டு மூதாட்டிகள். இளம்பெண்கள் சிலர் அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அந்த இரண்டு ஜோடிக் கண்ணிலும் புரை விழுந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

கே: துணியில் கண்ணாடியை ஒட்டுவது ஒரு கலையா? (வாசகர், கோவை)

ப: ஒட்டினால்தானே! பசையும் கிடையாது, கண்ணாடியில் ஓட்டையும் கிடையாது. குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என்று மேலே நூல் போட்டு முதலில் கண்ணாடியைச் சிறைபிடிக்க வேண்டும். பிறகு அந்த நூலையும் துணியையும் மாற்றி மாற்றிக் கோத்து வட்டமடிக்க வேண்டும். சுற்றச் சுற்ற, குறுக்கு நூல்கள் விளிம்புக்கு ஒதுங்கிக் கரையாக நின்றுவிடும். நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடி மடியில் விழுந்தது. அதில் தெரிந்த முகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கே: ஊட்டித் தோடர் வேலையும் இதுவும் ஒன்றுதானே? (வாசகி, திருப்பூர்)

ப: இட்லியும் இடியாப்பமும் ஒன்று என்றால் இதுவும் ஒன்று. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும்தான் போடுவார்கள். படம் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணியே தைப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு பக்கமும் போர்த்தலாம். ஆனால் கொஞ்சம் சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு நல்ல பக்கம். கல்யாணத் தரகர்கள் கவனிக்க.

கே: லம்பாடித் தையலில் கின்னஸ் சாதனை கூட இருக்கிறதாமே? (வாசகர், ஓசூர்)

ப: இருக்கிறது. 2023 ஜூலையில் ஹம்பியில், ஜி-20 கூட்டத்தை ஒட்டி, 1,755 தையல் துண்டுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். கர்நாடகத்தின் சண்டூர்ப் பக்கத்துப் பெண்கள் 400-க்கும் மேற்பட்டவர்களின் கைவேலை. கின்னஸுக்கு அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். சிட்டிலிங்கிக்கு இரண்டு பேர் போதும் என்றாகியிருந்தது.

கே: கைத்தொழில் கண்காட்சியில் பேரம் பேசலாமா? (வாசகர், சென்னை)

ப: மாலில் விலைச்சீட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கார்டை நீட்டுகிறவர்தானே நீங்கள்? பேசுங்கள், ஒரே ஒரு நிபந்தனை. முதலில் அந்த ஊசியை வாங்கி நூல் கோத்துக் காட்டுங்கள். கண்ணாடி போடாமல்.