கோட்டாற்றில் எம்.பி.பி.எஸ்.: ஒரு சொற்பொருள் ஆராய்ச்சி

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், இணைய இணைப்பு விற்பார் வழங்கும் சொற்களைக் கோட்டாற்று வழக்கோடு வைத்துப் பொருள் துணிதல் நுதலிற்று. ஆய்வுக் களம் எங்கள் வீட்டுத் திண்ணை. தரவு, காலைப் பேப்பருக்குள் செருகி வந்த பிட் நோட்டீஸ் ஒன்று. தகவலாளி, கம்போளத்தில் நாற்பது வருஷம் பலசரக்கு விற்று ஓய்ந்த என் பாட்டா, வயது 84. நிதியுதவி எவரும் தரவில்லை. நடுவில் இரண்டு தடவை கட்டன் சாயா வந்தது.

நோட்டீஸில் '100 எம்பிபிஎஸ் வரை, அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாட்டா கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"ஆசாரிப்பள்ளத்துல மெடிக்கல் காலேஜ் இருக்கச்சில, நம்ம தெருவுக்கு நூறு டாக்டர்மாரு என்னத்துக்கு மக்களே?"

சிரித்துவிட்டேன். ஆராய்ச்சியாளன் தகவலாளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் பிழை பாட்டாவுடையதும் அல்ல. ஆங்கிலக்காரன் வேறு வேறாக எழுதும் இரண்டு எழுத்துகளுக்கு நம்மிடம் ஒரே 'பி'தான். ஆகவே டாக்டர் பட்டமும் இணைய வேகமும் தமிழில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகின்றன. அதைவிடப் பெரிய குழி இன்னொன்று: நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆங்கிலத்தில் சின்ன பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட். வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். சினிமாவின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

"எட்டா?" என்று பாட்டா நிமிர்ந்தார். "எட்டு நாழி ஒரு மரக்கால். நாழியில வெலை சொல்லுகான், நாம மரக்கால்னு கேட்டுக்கிடுகோம். அப்படித்தானே?"

அப்படியேதான். இந்த ஒரு வாக்கியத்தோடு ஆய்வை முடித்துக்கொண்டிருக்கலாம். நூறு எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட். ஒரு ஜிபி சினிமா பத்து விநாடியில் இறங்கும் என்று நாம் உட்கார்ந்திருக்க, அது 80 விநாடி எடுக்கும். விற்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஓடுகிறதை எண்ணுகிறவன் பிட்டில்தான் எண்ணுவான். இது அந்தத் தொழிலின் பழைய வழக்கம், களவு அல்ல. பாட்டா ஒப்பவில்லை. கம்போளத்தில் இப்படி அளந்தால் ஓட ஓட விரட்டியிருப்பார்களாம்.

அடுத்தது 'வரை'. நோட்டீஸில் ஆகச் சிறிய எழுத்து இதற்குத்தான். எல்லை என்பது இன்றைய பொருள். மலை என்பது பழைய பொருள். இவ்விடத்துப் பழைய பொருளே பொருந்தும் என்பது என் துணிபு. மழை விட்ட நாளில் வடக்கே பார்த்தால் மலை தொட்டுவிடும் தூரத்தில் தெரியும். நடந்து போனவருக்குத்தான் தூரம் தெரியும். தெருவுக்கு வரும் ஒரு கண்ணாடி இழையை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஜிபான் என்ற முறையில் அந்த இழை சுமப்பது விநாடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட். 32 வீட்டிலும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இழுத்தால் வீட்டுக்கு 78 எம்பிபிஎஸ். 64 வீடென்றால் அதிலும் பாதி. மேல்மடைக்காரன் வயல் நிறைந்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் என்பதை நாஞ்சில் நாட்டானுக்கு யாரும் நோட்டீஸ் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

'அன்லிமிடெட்' பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகம் சட்டென்று குறையும். கல்யாணப் பந்தியில் வயிறார உண்ணச் சொல்கிறார்கள். மூன்றாம் தடவை பாயச வாளி நம் இலைப் பக்கம் திரும்புவதில்லை. நூறு எம்பிபிஎஸ்ஸில் நிறுத்தாமல் இறக்கினாலும் 3300 ஜிபிக்கு மூன்று நாள் ஆகும் என்பதால், சாதாரண வீட்டுக்கு இது கவலையே அல்ல.

பிராட்பேண்ட் என்பதன் அகலம் எவ்வளவு? அரசாணைப்படி அது மாறும். 2004இல் 256 கேபிபிஎஸ் இருந்தாலே அகலம். 2013இல் அது 512 ஆனது. 2023 முதல் 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்தால் அகலமில்லை. நேற்றைய ராஜபாட்டை இன்றைய முடுக்கு.

இனி 'பிங்'. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் 1983இல் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிகளைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்களே, அந்த ஓசைதான் பெயராயிற்று. கோட்டாற்றில் இது அன்றாட வழக்கம்: தெரு முனையில் நின்று "ஓய்!" என்கிறோம், "என்னவேய்?" என்று பதில் வருகிறது. இடைப்பட்ட நேரமே பிங். அகலம் வேறு, இது வேறு. துபாயில் இருக்கும் அத்தான் வீடியோவில் பேசும்போது மதினி கேட்டதற்குப் பதில் தாமதித்து வருவதை வைத்து, மதினி சில முடிவுகளுக்கு வந்திருக்கிறாள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். தூரம் 3,000 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வர 30 மில்லிவிநாடி கட்டாயம் ஆகும். எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் அது குறையாது. அதற்கு மேல் வரும் தாமதத்துக்கு வழியிலுள்ள நெரிசல் காரணமா அத்தான் காரணமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நோட்டீஸ் கொடுத்தவர்களிடமே இணைப்பும் வாங்கினோம். பையன் வந்து கம்பி இழுத்து, சுவரில் டப்பாவை மாட்டிவிட்டுப் போனான். நான்காம் நாள் அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே ஆங்கிலத்தில் மூன்று எழுத்து: எல், ஓ, எஸ். ஒளி வந்து சேரவில்லை என்பதன் சுருக்கம் என்று நான் விளக்க வாயெடுப்பதற்குள் பாட்டா கூட்டி வாசித்துவிட்டார்.

"லாஸ்."

புகார் எண் தந்திருக்கிறார்கள். ஆள் நாளைக்கு வருவானாம்.