வரலாமா, வரட்டுமா, வரணுமா?

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசும் முதல் முழு ஆங்கில வாக்கியம் அநேகமாக 'மே ஐ கமின் மிஸ்?' என்பதாகத்தான் இருக்கும். பேசுகிறார்கள் என்பதைவிட, பாடுகிறார்கள் என்பது சரி. 'மிஸ்' என்ற இடத்தில் ஒரு இழுப்பு உண்டு. அந்த இழுப்பு இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இந்தக் கட்டுரையை எழுதுகிறவரும் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று அப்படிப் பாடியவர்தான். 'மே' என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது என்ற வரையில் பிடித்திருந்தது.

ஆறாம் வகுப்பில் விஷயம் கனமானது. ஆங்கில வாத்தியார் கரும்பலகையில் ஒன்பது சொற்களை எழுதினார்: கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். ஒன்பது என்றதும் கட்டுரைக்காரருக்கு ஊர்ச் சிவன் கோயில் நவக்கிரகம்தான் நினைவுக்கு வந்தது. இப்போது யோசித்தாலும் அந்த நினைப்பில் பிசகில்லை. நவக்கிரகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. இந்த ஒன்பதிலும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த முடியாது. 'ஐ வில் கேன் கம்' என்று எழுதிய முன்பெஞ்சுப் பையனுக்குப் பிரம்பால் பரிகாரம் நடந்தது.

வாத்தியாரின் பட்டியல் சுருக்கமானது. கேன் என்றால் முடியும். அதன் இறந்தகாலம் குட். ஆகவே குட் என்றால் முடிந்தது. கேள்வி கேட்க இடமில்லை. அவர் கக்கத்தை விட்டு இறங்காத 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கண நூலின் ரென்தான், பிரெஞ்சு அந்நியப் படை வீரர்களை வைத்து 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலையும் எழுதியவர். பாலைவனத்துக் கோட்டையில் துப்பாக்கி வெடிக்கவைத்த அதே கைதான் நமக்குக் கோடிட்ட இடங்களையும் விட்டுவைத்தது. இது மட்டும் அன்றைக்குத் தெரிந்திருந்தால் வகுப்பில் பாதிப் பேர் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த 'முடிந்தது' இருபது வருடம் கழித்து வேலையைக் காட்டியது. கட்டுரைக்காரர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார். அவருடைய மேலாளர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து அம்மையார். ஒரு சாயங்காலம் போனில், 'குட் யூ சென்ட் மீ தட் ஃபைல்?' என்று கேட்டார். நம்மவர் மனசுக்குள் கரும்பலகை விரிந்தது. 'அந்த ஃபைலை அனுப்ப முடிந்ததா?' என்று கேட்கிறார் போலிருக்கிறது. முந்தின நாளே வேறொரு குழுவுக்கு அதை அனுப்பியாயிற்றே! 'யெஸ், ஐ குட்' என்று பெருமையாகச் சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார். அம்மையார் ராத்திரி வரை காத்திருந்தார். மறுநாள் அவரிடமிருந்து வந்த நாலு வரி மின்னஞ்சலில் குட், வுட் எல்லாம் சேர்த்து ஐந்து இருந்தன. மரியாதை ஏற ஏறக் கோபமும் ஏறியிருக்கிறது என்பதைக் கான்டீன் நண்பர் ஒருவர்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழில் மரியாதைக்கு அதிகச் செலவில்லை. வினையின் வாலில் ஒரு 'ங்க' ஒட்டினால் போதும். 'தண்ணி குடு' என்றால் தம்பிக்கு. 'தண்ணி குடுங்க' என்றால் மாமனாருக்கு. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. 'கிவ்' என்றால் கிவ்தான். ராஜாவுக்கும் அதே, ரயில்வே கேன்டீன்காரருக்கும் அதே. அதனால் அவர்கள் 'ங்க'வை வாக்கியத்தின் தலையில் தூக்கி வைக்கிறார்கள்: குட் யூ, வுட் யூ. உருவம்தான் இறந்தகாலம், நேற்றைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரியவர்கள் எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு எட்டு பின்வாங்கி நிற்கிறோமே, அப்படி வினையும் ஒரு காலம் பின்வாங்கி நிற்கிறது. நாம் 'குடுங்க'வை 'கிவ் மீ' ஆக்கிக் கொண்டுபோகும்போது 'ங்க' எல்லைச் சுங்கச்சாவடியிலேயே தங்கிவிடுகிறது. மாமனாரிடம் பேசக் கிளம்பியது, அந்தப் பக்கம் போய் இறங்கும்போது தம்பியை அதட்டியதாகிவிடுகிறது.

நம் 'லாம்' இன்னொரு ரகத் தொல்லை. அம்மா இலை போட்டுவிட்டு 'சாப்பிடலாம்' என்றால் அழைப்பு. ஆபரேஷனுக்கு மறுநாள் டாக்டர் சொன்னால் அனுமதி. காளானைக் காட்டிக் காட்டிலாகாக்காரர் சொன்னால் தகவல். 'அவன் இந்நேரம் சாப்பிட்டிருக்கலாம்' என்றால் ஊகம். ஒரே சாவி, எல்லாப் பூட்டும் திறக்கும். ஆங்கிலத்தில் ஷல் வீ, மே, கேன், மைட் என்று பூட்டுக்கொரு சாவி தேட வேண்டும்.

தப்புச் சாவியைப் போட்டவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. கட்டுரைக்காரர் தாம்பரம் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தார். அந்தச் சமயம் லீட்ஸ் அம்மையாரும் சென்னையில் இருந்தார். 'கட்டாயம் வரணும்' என்று எழுத ஆசை. ஆனால் 'மஸ்ட்' என்றால் கட்டளை என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார், மேலாளருக்குக் கட்டளையிடலாமா? யோசித்து, மரியாதையைக் கூட்டி, 'யூ மே கம் டு மை ஹவுஸ் வார்மிங்' என்று எழுதினார். 'அனுமதி கொடுத்ததற்கு நன்றி' என்று பதில் வந்தது. ஆங்கிலத்தில் 'யூ மே கம்' என்பது சிம்மாசனத்திலிருந்து வருகிற உத்தரவு. 'யூ மஸ்ட் கம்' என்பதுதான் உபசாரம். கட்டளையின் பலன் கேட்பவருக்கே போய்ச்சேருமானால் அது அன்பாகிவிடும். 'இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கணும்' என்று மாமியார் அதட்டினால் எந்த மாப்பிள்ளை கோபித்துக்கொள்கிறார்?

அடிபட்டவருக்கு ஆராய்ச்சிப் புத்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்தார். 'ஹி கம்ஸ்' என்று 'ஸ்' போடுகிற ஆங்கிலம், 'ஹி கேன்ஸ்' என்று ஏன் போடுவதில்லை? கேன், மே, ஷல் எல்லாம் ஆதிகாலத்தில் இறந்தகால உருவங்களாக இருந்து, நிகழ்காலத்துக்குக் குடிபெயர்ந்தவையாம். குடிபெயர்ந்தாலும் புது ஊர் வழக்கமான 'ஸ்'ஸைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நம்மிடமும் இந்த ஜாதி உண்டு. என்னால் முடியும், அவனால் முடியும், அவர்களால் முடியும். யார் வந்தாலும் 'முடியும்' அசையாது. 'வேண்டும்', 'கூடும்' எல்லாம் அப்படித்தான். இதை ஆறாம் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் ஒரு பிரம்பு மிச்சமாகியிருக்கும். 'குட்' எழுத்துக்கூட்டலில் 'எல்' எதற்கு என்பதற்கும் விடை கிடைத்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எல் கிடையாது. ஷுட், வுட் இரண்டும் வைத்திருப்பதைப் பார்த்துக் கூட்டத்தோடு கோவிந்தா போட்டது.

உண்மையான வில்லங்கம் ஷல்லும் வில்லும். 1653-ல் ஜான் வாலிஸ் என்ற கணித மேதை லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். 'ஐ'க்குப் பிறகு ஷல் வந்தால் வெறும் எதிர்காலம், வில் வந்தால் உறுதிமொழி. 'யூ', 'ஹி' என்று வந்தால் எல்லாம் தலைகீழ் என்று அதில் விதி செய்தார். முடிவிலிக்குப் படுத்த எட்டைக் குறியாகக் கொடுத்தவரும் இவரே. ஷல்-வில் தகராறும் அந்தக் குறிக்கு ஏற்ப முடியவே இல்லை. இந்த விதியை வைத்து ஆங்கிலேயர்கள் ஒரு பழைய கதை சொல்வார்கள். ஆற்றில் விழுந்த வெளியூர்க்காரர், 'ஐ வில் டிரவுன், நோபடி ஷல் சேவ் மீ' என்று அலறினார். மூழ்கப்போகிறேன், காப்பாற்ற ஆளில்லையே என்பது அவர் அழுகை. கரையில் நின்றவர்கள் காதில், 'மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று விழுந்தது. இலக்கணத்தை மதித்து நகர்ந்துவிட்டார்கள். 1906-ல் ஃபவ்லர் சகோதரர்கள் எழுதிய ஆங்கில நடைநூலில், தென் இங்கிலாந்துக்காரர்களுக்கு இது பிறவியிலேயே வரும், மற்றவர்களுக்கு வருவது கடினம் என்று சொல்லிவிட்டு, அந்த மற்றவர்களுக்காகவே பக்கம் பக்கமாக விளக்கமும் கொடுத்தார்கள். வராது என்று சொல்லிவிட்டு டியூஷன் எடுப்பது தாம்பரத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

ஆனால் இந்த ஒன்பதில் ஒன்று தமிழ்நாட்டில் சிரிக்கமுடியாத இடத்துக்கும் போயிருக்கிறது. அரசியல் சட்டப்படி, 1965 ஜனவரி 26-லிருந்து ஒன்றிய அரசின் ஆட்சிமொழி இந்தி மட்டுமே ஆகவேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலம் நீடிக்க வழிசெய்து 1963-ல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. அதன் 3-ம் பிரிவில், இந்தியோடு ஆங்கிலமும் தொடர 'மே' என்று இருந்தது. சட்டத்தின் தேதியே மே 10 என்பது தற்செயல். இந்த மேவுக்கு ஷல் என்றே பொருள் என்றார் நேரு. மேவுக்குள் 'மே நாட்'டும் உட்கார்ந்திருக்கிறதே என்று மடக்கினார் மாநிலங்களவையில் இருந்த அண்ணா. 'தொடரலாம்' என்றால் தொடராமலும் இருக்கலாம். 'தொடர வேண்டும்' என்று எழுத்தில் கொடு என்பதுதான் வழக்கு. 1965-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஒன்றிய அமைச்சர்களான சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். ஒற்றைச் சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால் துணைவினையைப் பற்றி நாடாளுமன்றத்தில் மல்லுக்கட்டிய ஊர் நம்முடையது.

1967-ல் கொண்டுவந்து 1968 ஜனவரியில் அமலான திருத்தத்தைக் கட்டுரைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் படித்தார். பழைய 'மே' இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு காப்புரை: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலத்தை 'ஷல்'. மாமியாரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு சமையலறைச் சாவியை மட்டும் மருமகள் கையில் கொடுத்த ஏற்பாடு.

கட்டுரைக்காரரின் பெரியப்பா வருவாய்த்துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. 'மே கைண்ட்லி பி அப்ரூவ்ட்' என்று முப்பது வருடம் கோப்பில் எழுதிய கை அது. 'ஷுட்' என்று எழுதினால் குமாஸ்தா கலெக்டருக்கு உத்தரவு போட்டமாதிரி ஆகிவிடும் என்றார். தமிழில் கோப்பு எழுத ஆரம்பித்த பிறகு 'மே' எல்லாம் 'லாம்' ஆனது. 'பரிசீலிக்கலாம்' என்று மேலேயிருந்து வந்தால் கட்டி அலமாரியில் வைத்துவிடுவாராம்.

கிரகப்பிரவேசத்துக்கு லீட்ஸ் அம்மையார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு, ஆங்கிலம் தெரிந்தவர் என்ற முறையில் பெரியப்பாவிடம் வந்து சேர்ந்தது. 'சாப்பிட்டிருப்பீங்க' என்பதை அவர், 'யூ வுட் ஹாவ் ஈட்டன்' என்றார். மஸ்ட் ஹாவ் என்றிருந்தால் அம்மையாருக்கு விளங்கியிருக்கும். வுட் ஹாவ் கேட்டதால், சாப்பிட்டிருப்பேன், ஆனால் எது தடுத்தது என்று மீதி வாக்கியத்துக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அதைப் பசி என்று நினைத்து இன்னொரு முறை பாயசம் போடச்சொன்னார்.

பதினொரு மணிக்குப் பெரியப்பாவுக்குப் பஸ். நல்ல வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போகட்டுமா' என்று கேட்பது வழக்கமில்லை. கைகூப்பி, 'வரட்டுமா?' என்பதை அப்படியே, 'ஷல் ஐ கம்?' என்றார். 'யெஸ், ப்ளீஸ் டு!' என்றார் அம்மையார் மலர்ந்த முகத்தோடு. பெரியப்பா படியிறங்கிப் பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்துவிட்டார்.

அடுத்த பந்தியில் கூட்டம் நெருக்கியது. அம்மையார் பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்து, உட்கார வந்தவர்களையெல்லாம் 'ஆள் வருகிறார்' என்று கைகாட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.