மெஷினுக்கு ஆயுள் கெட்டி

பிரிண்டர் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டால் விற்பவர் வருஷம் சொல்லமாட்டார், பக்கம் சொல்வார். டோனருக்கான பக்கக் கணக்கோ, தாளில் 5 சதவீதம்தான் மை படும் என்ற நம்பிக்கையில் போட்டது. ஆதார் அட்டை நகலில் நம் முகம் கறுப்பதற்கே அது பத்தாது.

1959இல் வந்த ஜெராக்ஸ் 914 சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று, கூடவே ஒரு தீயணைப்பானையும் கொடுத்தார்கள். யோக்கியர்கள்! இப்போதைய மெஷின் எரிவதில்லை, எரிச்சலூட்டுவதோடு சரி. தாளை இழுக்கும் ரப்பர் ரோலர் தேய்ந்து வழவழப்பாகும். ஒரு தாள் கேட்டால் மூன்றை இழுக்கும், இல்லாவிட்டால் ஒன்றையும் இழுக்காமல் பேப்பர் ஜாம் என்று சாதிக்கும். உடனே ‘மெஷின் அவுட்’ என்று அலுவலகம் தீர்ப்பெழுதிவிடும். புது ரோலருக்கு ஆகும் செலவு சொற்பம்தான், ஆனால் அதற்கு ஃபைல் போடவேண்டும். ஃபைலுக்கு மூன்று நகல் வேண்டும். நகலுக்குத் தெருமுனைக் கடைக்குப் போகவேண்டும்.

அங்கே பக்கவாட்டு மூடிகூட இல்லாத பழைய செகண்ட்ஹேண்ட் மெஷின் ஒன்று, டேபிள் ஃபேன் காற்றில், காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் தினமும் ரோலரைத் துடைக்கிறார், அவ்வளவுதான். டெண்டர் விடும் முன் நீங்களும் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், சார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.