தைராய்டு அத்தை

கல்யாண மண்டபத்தில் நாலு பெண்கள் தலையோடு தலை சேர்த்து ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஜாதகம் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் தைராய்டு அத்தை இருந்தால் அது யாருடையதோ டி.எஸ்.ஹெச். ரிப்போர்ட்.

தடித்த எழுத்தில் ‘ஹெச்’ என்று எங்கே போட்டிருக்கிறது என்பதைத்தான் அத்தை முதலில் தேடுவார். இருந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். “நான் அப்பவே சொல்லல? முகமே ஊதியிருக்குன்னு!” இல்லாவிட்டால் பழி லேப் மேல். “நார்மலாவது ஒண்ணாவது! மெஷினைச் சரிபாக்கச் சொல்லுடி.”

அத்தை சொல்வதில் பாதி நிஜமாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் வம்பு. அவருக்கே காலையில் ஒரு லேபில் 4.4, உச்ச வரம்பு 4 என்று அச்சடித்திருந்தார்கள். நம்பாமல் மத்தியானம் இன்னொரு லேபுக்குப் போனார். அங்கே 3.6, வரம்பு 4.5. காலையில் நோயாளியாகப் புறப்பட்டவர் மாலைக்குள் மருந்தே இல்லாமல் குணமாகிவிட்டார்! “இந்த ஹார்மோன் ராத்திரியும் விடியற்காலையும் ஏறும், மத்தியானம் இறங்கும்மா. கொஞ்சம் கூடியிருந்தா சில வாரம் கழிச்சு மறுபடி எடுத்து, டி4-ம் பாத்துட்டுத்தான் மாத்திரை” என்றார் டாக்டர். சில வாரமா? மறுநாளே மூன்றாவது லேப்.

பிறகொரு சமயம் நிஜமாகவே கூடி, 50 மைக்ரோகிராம் மாத்திரை வந்தது. வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. அந்த அரை மணியும் மாமா டிகாக்‌ஷன் இறக்கக் கூடாது. வாசனை பட்டால் மாத்திரையின் வீரியம் போய்விடும் என்பது அத்தையின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆறு வாரம் கழித்துப் பார்க்கச் சொன்னதை அஞ்சாம் நாளே பார்த்தார். ரத்தம் எடுக்க வரும் பையனுக்கு அத்தையின் இடது கை நரம்பு மனப்பாடம். ரப்பர் பட்டை கட்டும்போதே, “இந்த வாரம் எப்படிம்மா இருக்கு?” என்று குசலம் விசாரிப்பான்.

போன மாதம் ரிப்போர்ட்டில் திடீரென்று ‘எல்’ வந்தது. டி.எஸ்.ஹெச். அடிமட்டம், டி4 உச்சம்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

“சத்தியமா இல்லை டாக்டர்.”

கைப்பையைத் திறந்தால் முடி கொட்டுவதற்கான பயோட்டின் டப்பா. அது சில மெஷின்களின் கணக்கையே குழப்பிவிடும். அத்தை அகராதியில் முடி மாத்திரை மாத்திரையில் சேர்த்தியில்லை. அதை ரெண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர்.

அந்த ரெண்டு நாளை வீணாக்குவானேன் என்று அத்தை மாமாவைக் கையை நீட்டச் சொல்லிவிட்டார். மாமாவுக்கு 2.1.

“இன்னொரு லேப்ல பாத்துடலாம்ங்க.”